என் பெயரில் நடந்த சடங்கு

எனக்குச் சடங்கு நடந்த அன்று என் தங்கை மாட்டுக் கொட்டாயில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் பந்தலில், மாமன் எடுத்து வந்த அரக்குப் பட்டில், கழுத்தை அறுக்கும் மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தேன். வயதுக்கு வந்தவள் அவள். உட்கார வைக்கப்பட்டவள் நான். இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆனதற்கு வெட்கம் காரணமில்லை. கேட்க வேண்டியவர்கள் யாருக்கும் காது இல்லை, அவ்வளவுதான். அவர்களில் பாதிப் பேர் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். கொஞ்சம் மேட்டுக்காடு, ஒரு கிணறு, இரண்டு பெண்பிள்ளைகள், இவ்வளவையும் அம்மா தலையில் போட்டுவிட்டு அப்பா சின்ன வயதிலேயே செத்துப்போனார். நான் மூத்தவள். தங்கை என்னைவிட மூன்று வயது இளையவள். அவள் ஒன்பது வயதிலேயே என் உயரத்தைப் பிடித்துவிட்டாள், பதினொன்றில் தாண்டிவிட்டாள். பதினாறு வயதிலும் அம்மா எனக்குப் பஸ்ஸில் அரை டிக்கெட்தான் வாங்குவாள். ஒரு கண்டக்டர்கூடச் சண்டை போட்டதில்லை. கழுத்து மட்டும் அகலம். குடத்தை இடுப்பில் வைத்தால் முழங்கை வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு நிற்கும், தண்ணீர் பாதி வழியிலேயே பாதி ஆகிவிடும். பிறந்தபோது கையும் காலும் ஊதிப்போய் இருந்தேனாம். 'தண்ணியில ஊறுன கொழந்த மாதிரி இருந்தா' என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவாள். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன், வேறென்ன செய்ய?

ஒரே ஒரு லாபம் இருந்தது. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். எனக்கு நிற்கவில்லை. என் கூடப் படித்தவர்கள் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போக, நான் மட்டும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு போய் எஸ்எஸ்எல்சி வரை எழுதிவிட்டேன். நன்றாகவே எழுதினேன். அதை வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்ததெல்லாம் ஒன்றுதான். சந்தையில், கிணற்றடியில், கல்யாண வீட்டில், எந்தப் பொம்பளை அம்மாவைப் பார்த்தாலும், "என்னக்கா, பெரியவளுக்கு இன்னும் ஒண்ணும் இல்லீங்களா?" என்பாள். எள்ளும் வெல்லமும் இடித்து இடித்து எனக்குத் தின்னக் கொடுத்தாள் அம்மா. நான் தின்ற எள்ளுக்கு ஒரு செக்கே ஓட்டியிருக்கலாம்.

அம்மாவுக்குப் பயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், அரூர்ப் பக்கம் இருந்தார். அக்கா மகள் தம்பிக்கு என்பது எங்களில் பிறந்தபோதே முடிவான விஷயம். எங்கள் காட்டை உழுது கொடுத்ததும் அவர்தான், அறுவடைக்கு ஆள் அனுப்பியதும் அவர்தான். அவர் கையை விட்டால் எங்களுக்கு வேறு நாதி இல்லை. அவருக்கு அண்ணன் ஒருவர் இருந்தார், அந்த அண்ணன் பெண்டாட்டி, எனக்கு அத்தை, வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள். அந்த வருடம் அவள் நேரில் வந்து, "தை பொறக்கறதுக்குள்ள ஒரு நல்ல சேதி சொல்லுங்க. இல்லாட்டி நாங்க வெளியில பொண்ணு பாக்கறோம். அவனுக்கும் வயசு போவுதில்ல?" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் போனாள்.

அதற்கப்புறம்தான் ஒரு நாள் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து புத்தகப் பையைப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா அவளைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். திரும்பி வந்தபோது தங்கை தலை நனைந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவள் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "பெரியவளுக்கும் எப்படியும் வரத்தான் போவுது. மாசம் முன்ன பின்ன. ஆரு வந்து பாக்கப் போறா? ரெண்டு பேரும் வாயத் தொறந்தீங்க, இந்தக் கெணத்துலயே உழுந்துடுவேன்." அன்று மாலை வண்ணாத்தி வந்தபோது அம்மா தங்கையின் துணியை என் துணி என்று கொடுத்தாள். ஊருக்குள் சேதி போய்விட்டது. என்னை மூலையில் உட்கார வைத்தார்கள்.

மறுநாளே மாமன் வந்தார். பச்சைத் தென்னை ஓலையைத் தானே வெட்டி, தோளில் சுமந்து வந்து, வாசல் ஓரம் குச்சு கட்டினார். தாய்மாமன் கட்ட வேண்டிய குடிசை அது. வயதுக்கு வந்த பெண் அதற்குள்தான் இருக்க வேண்டும். நான் உள்ளே இருந்தேன். புட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெயில் பச்சை முட்டை, எல்லாம் நேரத்துக்கு வந்தது. இடுப்புக்கு பலமாம். பலம் தேவைப்பட்டவள் வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் ஓலை இடுக்கு வழியாகக் கையை நீட்டி, "அக்கா, கொஞ்சம் புட்டு குடேன்" என்றாள். கொடுத்தேன். தின்றுகொண்டே சொன்னாள், "மாமா எடுத்தாந்து வெச்சிருக்கற அந்தப் பட்டு எம் பட்டு. எனக்குன்னு பண்றப்போ இதவிட நல்லதா எடுக்கச் சொல்லணும். ஞாபகம் வெச்சுக்க." அழவில்லை. கோபமாகச் சொன்னாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருடம் கழித்து அவளுக்கு 'வந்தது'. அதற்குள் மாதா மாதம் கந்தலைக் காட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்துப் புதைத்து அவள் கை தேறிவிட்டது. அவள் சடங்குக்குப் பட்டு எடுக்கவில்லை, நூல் சேலைதான்.

என்னை மாமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வருடம் முழுக்க என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். என் உடம்பு ஒரு பையன் உடம்பு போலத் தட்டையாக இருந்ததைப் பார்த்தும், "சோறு நல்லா தின்னு, எல்லாம் சரியாப் போயிடும்" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் மாதத்தில் மூன்று நாள் பெண்கள் கொல்லைப்புறச் சாய்ப்பில் தனியாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள்: அமாவாசையை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொள். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன், ஒன்றுமே இல்லாமல். தனித் தட்டு, தனிப் பாய், தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவது, எல்லாம் முறையாகச் செய்தேன். அப்படி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இந்த மாதமாவது வந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். பொய் நிஜமாகிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது.

துணியை மறந்துவிட்டாள் அம்மா. அவளுக்கு மறந்தது அந்த ஊர் வண்ணாத்திக்குத் தெரிந்தது. வெளுக்க வந்த துணியில் வெளுக்க எதுவுமே இல்லையே என்று அவள் அத்தையிடம் கேட்டிருக்கிறாள். அத்தை அடுத்த மாதம் சாய்ப்புக்கே வந்து என் சேலையை உருவிப் பார்த்தாள். "இருசி" என்றாள். எங்கள் பக்கம் வயதுக்கே வராத பெண்ணுக்கு அதுதான் பேர். பிள்ளை இல்லாதவளுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு, இருசிக்கு அதுவும் இல்லை.

அம்மா ஓடி வந்து என்னைத் தருமபுரியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினாள். அந்தம்மா கேட்ட முதல் கேள்வியே, "எப்ப வயசுக்கு வந்தா?" என்பதுதான். அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "பதினாறுல ஆயிட்டாளுங்க. ஊரக் கூட்டி சடங்கே பண்ணோமுங்க." சொல்லும்போதே மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். வந்து நின்றுபோன கேஸ் என்று டாக்டர் முடிவு பண்ணி, ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பெற்றவளே சொல்கிறாள், ஊரே சாட்சி. டானிக் பாட்டில் தீர்வதற்குள் என்னை டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிவிட வந்த மாமன் ஒன்றுதான் கேட்டார். "தெரிஞ்சே ஏமாத்திட்டியே பாப்பா. எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

அந்த வார்த்தைதான் என்னைத் தின்றது. இருசி என்று ஊர் சொன்னது போகட்டும், என் உடம்பைத்தான் சொன்னார்கள். ஏமாற்றுக்காரி என்றால் அது நான் இல்லை. குச்சுக்குள் என்னைத் தள்ளியவள் வேறொருத்தி. அவள் வாயைத் திறந்து அதை மாமனிடம் ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தது. அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டேன். "இப்பச் சொல்லி என்ன ஆவப்போவுது? இன்னொரு பொண்ணு வாழ வேணாமா?" என்பாள். அந்த இன்னொரு பொண்ணு அடுத்த தையிலேயே அதே மாமனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கல்யாணத்தன்று நான் முன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்தால் கேட்க ஆள் இல்லை.

அதற்கப்புறம் டீச்சர் ட்ரெயினிங் முடித்து மொரப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் என் தோளுக்கு மேல் இருப்பார்கள். கையில் பிரம்பு இருந்ததால் பிழைத்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் கரும்பலகைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தேன். பிரஷர் எக்கச்சக்கம், இந்த வயதில் இருக்கக் கூடாது, மெட்ராஸில் போய்க் காட்டுங்கள் என்றார்கள். அம்மாதான் துணைக்கு வந்தாள். மொரப்பூரில் ரயில் ஏறி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைப்பதற்கு முன்பே என் கழுத்தைப் பார்த்தார். பின்னந்தலையில் முடி எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். கையை மடக்கச் சொன்னார். நாலாவது விரலின் கணுவில் மேடு இருக்க வேண்டிய இடத்தில் எனக்குக் குழி விழுந்தது. "பொறந்தப்போ கை கால் வீக்கமா இருந்துச்சாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா யாரோ ஜோசியக்காரியிடம் வந்துவிட்ட மாதிரி கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அது வந்தது.

"வயசுக்கு வந்தாச்சா?"

"ஆயிட்டாளுங்க. ஊரக் கூட்டி..." என்று அம்மா ஆரம்பித்தாள். அவள் கை என் தொடைப் பக்கம் வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து எடுத்து அவள் மடியிலேயே வைத்தேன். "இல்லீங்க டாக்டர். நான் வயசுக்கு வரவே இல்ல. சடங்கு மட்டும் எனக்குப் பண்ணாங்க. வந்தது எந்தங்கச்சி." டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே யாரோ டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வர நாளாயிற்று, திரும்பவும் போனோம். உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு அணுவிலும் நூல் துண்டு மாதிரி குரோமோசோம் என்று இருக்கிறது, எல்லோருக்கும் நாற்பத்தாறு, உனக்கு நாற்பத்தைந்து என்றார் டாக்டரம்மா. பெண்ணுக்கு எக்ஸ் என்று இரண்டு இருக்க வேண்டும், என்னிடம் ஒன்றுதான். அந்த ஒன்று இல்லாததால் உயரம் இல்லை, சினைப்பை வேலை செய்யவில்லை, இதயத்திலிருந்து போகும் பெரிய குழாயும் ஓரிடத்தில் குறுகியிருக்கிறது. சிலருக்கு வேறொரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதும் உண்டு என்று சொல்லி, அந்தக் குழந்தைகளின் கண்ணும் நாக்கும் எப்படி இருக்கும் என்று விவரித்தார். எனக்கு எங்கள் ஊர் மாவு மில்காரர் மகள் ஞாபகம் வந்தாள். கிரகணத்தில் அவள் அம்மா வெளியே வந்துவிட்டாள் என்று அந்தப் பொம்பளையை ஆயுசு முழுக்கக் கரித்துக்கொட்டினார்கள். அவளுக்கு ஒன்று கூட, எனக்கு ஒன்று குறைவு. ஊர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பார்த்தது.

"சொந்தத்துல கட்டுனதாலங்களா? நானும் உறவுலதான் வாக்கப்பட்டேன்" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. கரு உண்டாகும்போதே நடந்துபோறது. யாரு செஞ்ச தப்பும் இல்ல."

அம்மா பெரிதாக மூச்சு விட்டாள். தன்மேல் பழி இல்லை என்று தெரிந்த மூச்சு. அப்புறம்தான் என்னைப் பற்றிக் கேட்டாள். "அந்த ஒண்ண ஊசி போட்டு ஏத்த முடியாதுங்களா?" டாக்டரம்மா சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். ஏற்ற முடியாது, பிள்ளை பிறக்காது, மாத்திரை கொடுத்தால் மாதவிலக்கு மட்டும் வரும், எலும்புக்கு நல்லது என்றார். பிரஷருக்கும் தனியாக மாத்திரை எழுதினார். கடைசியில் கேட்டார், "பதினாறு பதினேழுலயே இந்த மாத்திரை குடுத்திருந்தா உடம்பாவது ஒழுங்கா வளர்ந்திருக்கும். அப்பவே எந்த டாக்டர்கிட்டயும் காட்டலியா?" காட்டினோம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. இருபத்தாறு வயதில், அரைப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது வந்தது. குச்சும் இல்லை, புட்டும் இல்லை. தலைமை ஆசிரியரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து படுத்துக்கொண்டேன். இவ்வளவுதானா இது, இதற்கா இத்தனை பேர் என்னைக் காலில் போட்டு மிதித்தார்கள் என்று அவ்வளவு ஆத்திரமாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், தலைகால் புரியவில்லை அவளுக்கு. "வா, தம்பி வூட்டுக்குப் போயிட்டு வரலாம். சின்னவளும் இருக்கட்டும், நீயும் ஒரு ஓரமா இருந்துக்க. இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சில்ல" என்றாள். டாக்டர் சொன்னதில் அவள் காதில் விழுந்தது மாதவிலக்கு வரும் என்பது மட்டும்தான். பைத்தியமா உனக்கு என்று கத்த வாயெடுத்தேன். பிறகு சரி என்றேன். நான் போனது ஓரமாக இருந்துகொள்ள இல்லை. என்னைக் குச்சுக்குள் தள்ளியது தான்தான் என்று அம்மா வாயாலேயே மாமனிடம் சொல்ல வைக்கலாம் என்று போனேன்.

அரூரில் இறங்கி நடந்து போனோம். மாமன் தலையில் நரை விழுந்திருந்தது. தங்கை கைக்குழந்தையோடு வந்து பாய் போட்டாள். மூத்தது பையன், இது பெண், நாலைந்து மாதக் குழந்தை. அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்த கையோடு ஆரம்பித்தாள். "தம்பி, மெட்ராஸ்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டுனோம். பொறப்புலயே ஏதோ ஒண்ணு கொறச்சலாம். மாத்தர குடுத்தாங்க. இப்ப இவளுக்கு வந்துடுச்சுப்பா."

மாமன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "இப்பத்தான் வந்துச்சுன்னா, அன்னிக்கு நான் ஓல வெட்டிக் குச்சு கட்டுனது எதுக்குக்கா?"

அம்மா இதை யோசித்திருக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு என்னப்பா தெரியும்? இவதான் வந்து ஆயிட்டேன்னு சொன்னா. நான் நம்புனேன்" என்றாள்.

நான் மாமன் பக்கம் திரும்பினேன். "பொய் மாமா. அது என்னோடது இல்ல, இவளோடது. அம்மாதான் மாத்தி உக்கார வெச்சுது. நீங்க எடுத்தாந்த பட்டு இவளுக்கு வந்திருக்க வேண்டியது. இவளையே கேளுங்க."

மாமன் தங்கையைப் பார்த்தார். "நெசமா?"

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். மெதுவாக, "எனக்கு ஞாபகம் இல்ல மாமா" என்றாள்.

மாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் யாரை நம்பினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏமாற்றுக்காரியாக வந்த நான் ஏமாற்றுக்காரியாகவே எழுந்தேன். அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். புளியமரத்தடியில் என்னை நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன், அவ்வளவு மடச்சி நான். அவள் குழந்தையைத் திருப்பி முதுகை எனக்குக் காட்டினாள். பின்னந்தலை முடியை ஒதுக்கினாள். "அக்கா, டாக்டரு உனக்கு என்னென்ன பாத்தாங்களோ, எல்லாத்தையும் இவளுக்குப் பாரு. கழுத்து அகலமா இருக்குதா? இவ பொறந்ததுலருந்து ராவும் பகலும் எனக்கு இதே நெனப்பாக் கெடக்குது."

பார்த்தேன். குழந்தை என்ன பாவம் செய்தது? கழுத்தைத் தடவிப் பார்த்தேன். காலை அமுக்கிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. அந்தச் சின்னக் கையை மடக்கி நாலாவது விரலைப் பார்த்தேன். கணு மேடு மற்ற விரல்களோடு வரிசையாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. என்ன மாதிரி எதுவும் இல்ல" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா விட்ட அதே மூச்சை இவளும் விட்டாள், என் முகத்துக்கு நேராகவே. குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இவ வயசுக்கு வருவா" என்றேன். "அன்னிக்காச்சும் ஞாபகம் வெச்சுக்க."